போனஸ் பணத்தில் ஒரு தீவு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிலாளிக் குடும்பங்கள் பத்தாயிரம் ரூபாய் சொச்சத்தில் நாலாபுறமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரம் தீவில் விடுமுறையைக் கழிக்கலாம். எப்போது போவது, எங்கே குளிப்பது, எவ்வளவு ஆகும்?

தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் ஆம்பூர் பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. "உங்க கம்பெனியில போனஸ் போட்டாச்சா?" என்பதுதான் அந்த நாட்களில் ஊர் முழுக்கக் கேட்கும் விசாரிப்பு. சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ். அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வருடம் முழுக்க மெஷின் முன்னால் குனிந்திருந்த ஒரு பெண்ணின் கையில் மொத்தமாகப் பணம் வந்து சேர்வது அந்த ஒரு தடவைதான்.

வந்த வேகத்தில் அது போய்விடுகிறது. அடகுக் கடையில் இருக்கிற கம்மலை மீட்க வேண்டும். குழு லோன் தவணை பாக்கி இருக்கும். பிள்ளைகளுக்குத் துணி, பெரியவளுக்குக் கல்லூரிக் கட்டணம், மளிகைக் கடையில் ஏறிப்போன கணக்கு. இந்தப் பட்டியலில் "நாலு நாள் எங்கேயாவது போய் வருவோம்" என்கிற வரி இருப்பதே இல்லை. ஊர் சுற்றுவது வசதி உள்ளவர்கள் சமாசாரம் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். மாலத்தீவும் பாலியும் செல்போன் விளம்பரத்தில் வந்து போகின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

தீவு அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. காட்பாடியில் ரயில் ஏறினால், இடையில் எங்கும் மாறாமல், கடல் மேல் கட்டிய பாலத்தைத் தாண்டித் தீவிலேயே போய் இறங்கலாம்.

பணமா, நாளா?

குறைந்த செலவில் சுற்றுலா என்று எழுதுகிற எல்லோரும் ரூபாயைத்தான் எண்ணுகிறார்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ரூபாயைவிடப் பெரிய தட்டுப்பாடு நாள். ஆர்டர் நெருக்கடி வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. ஒரு லைனில் இரண்டு பேர் இல்லாவிட்டால் அன்றைய கணக்கு உதைக்கும். சூப்பர்வைசர் முகம் சுருங்கும். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கோ வேலைக்குப் போகாத நாள் சம்பளம் இல்லாத நாள்.

ஆனால் சட்டம் கொடுத்திருக்கும் நாட்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், இவை தவிர ஐந்து பண்டிகை நாட்களும் தொழிற்சாலைகளில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்து முடித்தவருக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பும் சேரும். நம்மில் பலர் இந்த விடுப்பைக் காய்ச்சலுக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் எடுக்கிறோம், மீதியைக் காசாக்கிக்கொள்கிறோம். அப்படிச் சேர்ந்ததில் இரண்டு நாளை எடுத்து, ஒரு ஞாயிறோடும் ஒரு தேசிய விடுமுறையோடும் ஒட்டினால் நான்கு நாள் கிடைக்கும். ஒரு குடும்பம் தீவுக்குப் போய் வர அது போதும். அந்தக் கோரிக்கையை ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் கேட்டால் மறுக்கக் காரணம் கிடைக்கும். முன்கூட்டிக் கேட்டால் மாற்று ஆள் கிடைப்பார்.

ஏன் கடல்?

ஏலகிரி பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையும் அப்படியே. கடலுக்கு ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம்.

நாம் ஆற்றங்கரைக்காரர்கள். 348 கிலோமீட்டர் ஓடுகிற பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாக வந்து வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஆற்றில் இறங்கிக் குளித்திருக்கிறார்கள்? 2021 நவம்பரில் போல வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. மற்ற நாட்களில் மணல் அள்ளிய பள்ளமும் சீமைக் கருவேலமும்தான். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இந்த நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு, நம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் பிறந்தது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே நீதிமன்றம் பாலாற்றைச் சீரமைப்பது பற்றியும், பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு பற்றியும் மறுபடி உத்தரவிட வேண்டிய நிலைமை இருந்தது.

இந்தத் தொழில் நமக்குச் சோறு போடுகிறது. அதே தொழில் நம்மிடமிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டது. சொல்யூஷன் நெடியிலும் மெஷின் சத்தத்திலும் வருடம் முழுக்க இருப்பவருக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும் நெஞ்சு நிறைய உப்புக் காற்றும் கிடைப்பது ஆடம்பரம் ஆகாது. பிள்ளைகளுக்கோ, தண்ணீர் என்பது லாரியிலும் கேனிலும் வருவது மட்டும் இல்லை என்று காட்ட வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

காட்பாடியில் ஏறி, தீவில் இறங்கி

திருப்பதியிலிருந்து ராமேஸ்வரம் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் வாரத்தில் சில நாட்கள் காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் செல்கிறது. தோல் பகுதிக்காரர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. ஸ்லீப்பர் கட்டணம் ஆளுக்கு நானூறு ரூபாய் சுற்றளவில் அடங்கிவிடும். அந்த ரயிலின் நாள் நமக்கு ஒத்துவராவிட்டால் சென்னைக்குப் போய், அங்கிருந்து தினமும் கிளம்பும் ராமேஸ்வரம் ரயில்களைப் பிடிக்கலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. அதனால் தேதியை முடிவு செய்தவுடன், பின்னோக்கி 60 நாள் எண்ணி, அந்தக் காலையிலேயே டிக்கெட் போட்டுவிட வேண்டும்.

இருபது பேர் சேர்ந்தால் வேன் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆம்பூரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். போகும்போது ஓர் இரவு, வரும்போது ஓர் இரவு என்று ஒரே டிரைவரை ஓட்டச் சொல்வது எல்லோருடைய உயிரையும் பணயம் வைப்பது. வேன் தான் என்றால் இரண்டு டிரைவர் வேண்டும், அல்லது வழியில் தங்க வேண்டும். இரண்டுமே செலவு. ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம், கழிப்பறை உண்டு, கைக்குழந்தைக்காரிக்கும் வயதான மாமியாருக்கும் அதுதான் சுகம்.

போகும் வழிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். ஆம்பூர் பிரியாணியை முதல் வேளையோடு முடித்துவிடுங்கள். இரவுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் தாங்கும்.

மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வரும்போது நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பி வழிவிட்டது. நூறு ஆண்டுக்கும் மேல் உப்புக் காற்றைத் தாங்கிய அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பகலில் கடக்க வாய்த்தால் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல், தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரவில் கடந்துவிட்டாலும் குறை இல்லை. பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. மறுநாள் அதன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

போனஸ் வரும் மாதம், போகக் கூடாத மாதம்

பணம் கையில் வருகிற ஐப்பசி மாதம்தான் ராமேஸ்வரத்துக்குப் போகக் கூடாத மாதம். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையுமாக இருக்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல்தான் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் இழுத்துக்கொண்டது. தனுஷ்கோடி என்கிற துறைமுக ஊரே அந்த இரவோடு போயிற்று. அந்தக் கடலோடு விளையாட வேண்டாம்.

போனஸில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்து, பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போவதே சரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. குடியரசு தினம் ஞாயிறை ஒட்டி வருகிற ஆண்டுகளில் அந்த வாரமே தோதான வாரம். பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு பார்த்து நாள் குறியுங்கள்.

இன்னொன்று, போகுமுன் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். ராமேஸ்வரம் பித்ரு காரியத் தலம். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் லட்சக்கணக்கில் மக்கள் குவிவார்கள். லாட்ஜ் வாடகை இரண்டு மூன்று மடங்காகும், அறையும் கிடைக்காது. மற்ற மாத அமாவாசைகளிலும் கூட்டம் உண்டு. அந்த நாட்களைத் தள்ளிவிட்டு, வாரநாளில் போய் இறங்கினால் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் சுத்தமான அறை எடுக்கலாம். கோயில் தேவஸ்தான விடுதிகள், பல சமூகத்தார் கட்டி வைத்த சத்திரங்கள் இன்னும் மலிவு. அவற்றை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

தீவில் இறங்கிய பிறகு

ஸ்டேஷன் வாசலில் "எல்லா இடமும் சுற்றிக் காட்டுகிறோம்" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவசரப்பட வேண்டாம். இந்தத் தீவில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது.

பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே படகில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற குடும்பம் அது. ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்து விநியோகித்துத் தன் முதல் சம்பளத்தைச் சம்பாதித்த சிறுவன் குடியரசுத் தலைவரானான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலைக்கும் போகிற பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்களுக்கு இந்த வீட்டைவிட நல்ல பாடம் வேறு வேண்டாம். பேய்க்கரும்பில் 2017-இல் திறந்த அவருடைய நினைவிடம், ஊருக்குள் வரும் சாலையிலேயே உள்ளது.

ராமநாதசாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். அதன் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் கல் எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபில் காபில் தர்கா. நம் லைனில் ஒன்றாக உட்கார்ந்து அப்பர் தைக்கிற லட்சுமிகளும் பாத்திமாக்களும் சேர்ந்து போனால், இருவருக்குமே கும்பிட ஓர் இடம் உள்ள ஊர் இது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ராமநாதபுரம் வழியாக ஏர்வாடி தர்காவுக்கும் போய் வரலாம். பாம்பன் அருகே குந்துகாலில் 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்திறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. அதே குந்துகாலிலிருந்து, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும் அந்தப் பயணத்துக்காக ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தனுஷ்கோடி: ஒரு முழு நாள்

இரண்டாம் நாளைத் தனுஷ்கோடிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்து போகிறது. முன்பு மணலில் ஜீப்பில் குலுங்கிப் போன இடத்துக்கு 2017 முதல் தார்ச்சாலையே இருக்கிறது. சாலையின் இடது பக்கமும் வலது பக்கமும் கடல், நடுவில் நாம். குளிர்கால மாதங்களில் தேங்கிய நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் தமிழக அரசு இந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

பழைய ஊரில் இறங்கினால் கூரை இல்லாத மாதா கோயில் சுவர் நிற்கிறது. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் கல்லுக்குள் சிறு சிறு துளைகள், பூ வடிவங்கள் தட்டுப்படும். பக்கத்திலேயே தபால் நிலையம், ரயில் நிலையம் என்று இடிபாடுகள். ஓலைக் கொட்டகைகளில் அப்போதுதான் கரைக்கு வந்த மீனை மசாலா தடவிப் பொரிக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இங்கே பாலாற்றுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கடலிலிருந்து சில அடி தூரத்தில், மணலைக் கையால் பறித்துக் குழி தோண்டி, மீனவப் பெண்கள் அதில் ஊறுகிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது, குடிதண்ணீர். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்பு நீரைவிட எடை குறைவானதால் அதன் மேல் தங்கி நிற்கிறது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் கோடையில் பாலாற்று மணலில் இப்படித்தான் ஊற்று பறித்தார்கள். கடலுக்கு நடுவே இருக்கிற மணல்திட்டில் இன்னும் நல்ல தண்ணீர் ஊறுகிறது. நம் ஆற்றின் கரையில் கிணறு கெட்டுக் கிடக்கிறது. மணலை விட்டு வைத்தால், கழிவைக் கலக்காதிருந்தால் தண்ணீர் தானாக வரும் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தக் குழியின் அருகே உட்கார வைத்துச் சொல்லலாம்.

அங்கிருந்து சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. அசோகத் தூணைச் சுற்றிப் பேருந்து திரும்பும் அந்த இடத்துக்கு அப்பால் இலங்கைதான். பொழுது சாய்ந்த பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை. திரும்பி வரும் கடைசிப் பேருந்து எப்போது என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கடலில் இறங்கலாம்?

நீச்சல் தெரியாத ஊர் நம் ஊர். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் இரண்டு தலைமுறை நீந்தப் பழகவே இல்லை. ஆகவே இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

தீவின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதை மீனவர்கள் பெண் கடல் என்பார்கள். அலை குறைவு, ஆழமும் குறைவு. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல்; அலையும் இழுப்பும் அதிகம். ஆனால் இதுவே எப்போதும் சட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கொந்தளிக்கும். வாடைக் காற்று வந்தால் வடக்கும் புரளும். கரையில் வலை உலர்த்துகிற யாரிடமாவது "அண்ணே, இன்னைக்கு இங்கே இறங்கலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அரிச்சல்முனையில் மட்டும் இறங்கவே கூடாது. இரு கடல்களும் மோதுகிற இடத்தில் நீருக்கடியில் இழுப்பு பலம். கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் ஆசை தீரக் குளிக்க வேண்டுமானால் அக்னி தீர்த்தக் கரையும், ராமேஸ்வரத்து வடகரையில் உள்ள சங்குமாலும் இருக்கின்றன. பாலம் தாண்டி உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழல், நீளமான மணல், இடுப்பளவு வரை ஆழமில்லாத நீர். கட்டுச்சோற்றோடு போய் ஒரு பகல் முழுக்கக் கிடக்கலாம். அதற்கு ஒரு ரிசார்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இதை முறை வைத்துச் செய்யுங்கள்.

சங்கு, பாசி மாலை வாங்கலாம். பவளப் பாறைத் துண்டு விற்றால் வாங்க வேண்டாம், கரையில் கிடந்தாலும் எடுக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்கு நிகராகக் காக்கப்படுகிறது.

நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். போக ஓர் இரவு, வர ஓர் இரவு ரயிலில். தீவில் இரண்டு இரவு. விசேஷம் இல்லாத நாட்களுக்கான உத்தேசக் கணக்கு இது:

ஊரிலிருந்து காட்பாடிக்குப் போக, வர: 300 ரூபாய்
ராமேஸ்வரம் ரயில், ஸ்லீப்பர், போக வர: 3,200
இரண்டு இரவு அறை: 2,000
சாப்பாடு, டீ, தண்ணீர்: 3,000
பேருந்து, ஷேர் ஆட்டோ: 1,000
படகு, பொரித்த மீன், பிள்ளைகள் கேட்பது: 1,000
ஆக மொத்தம்: 10,500

இதை 42 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 250 ரூபாய். சம்பளம் போடும் நாளில் எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். போனஸில் பாதியைத் தனியாக வைத்தால் இன்னும் சீக்கிரம். லைனில் நம்பகமான பத்துப் பேர் சேர்ந்து சுற்றுலாச் சீட்டு போடலாம். வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டால் அதைவிடப் பத்திரம். மாதம் இத்தனை சதவீதம் வட்டி என்று ஆசை காட்டுகிறவர்கள் பக்கம் மட்டும் போய்விட வேண்டாம். 2022-இல் வேலூர் பக்கத்தையே உலுக்கிய நிதி நிறுவன மோசடிகளில் கரைந்தது நம்மைப் போன்றவர்களின் சேமிப்புதான். கடன் வாங்கியும் போக வேண்டாம். திரும்பி வந்து தவணை கட்டுகிற விடுமுறை ஓய்வாக இருக்காது.

இதையும் குறைக்க வழி உண்டு. இரண்டு குடும்பம் சேர்ந்து சமையலறை உள்ள விடுதி எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். நகருக்குள் ஓடும் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

வேறு தீவுகள்

அந்தமானுக்குக் கப்பலில் மலிவாகப் போகலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் அரசுக் கப்பலில் பங்க் வகுப்புக் கட்டணம் விமானத்தைவிடக் குறைவு. ஆனால் ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். நான்கு நாள் விடுப்புக்காரருக்கு அது சரிப்படாது. ஓய்வு பெற்றவர்கள் யோசிக்கலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சில மணி நேரப் பயணம். பாஸ்போர்ட் வேண்டும், கட்டணம் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வரும். நயினாதீவு, நெடுந்தீவு என்று அங்கே தமிழ்த் தீவுகள் இருக்கின்றன. இரண்டு வருடம் சேர்க்க முடிந்தவர்களுக்கு அது நல்ல கனவு.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் புதுச்சேரி. கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் போய், ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பாரடைஸ் கடற்கரையில் இறங்கலாம். காலையில் கிளம்பி இரவு வீடு வந்து சேரலாம்.

ஓய்வும் கூலியில் சேர்த்திதான்

உலகத்தில் உழைப்பவர்கள் கடலைப் பார்த்தது முதலாளிகளின் தயவால் அல்ல. 1936-இல் பிரான்சில் வேலைநிறுத்தங்களின் அலைக்குப் பிறகு, தொழிலாளர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அதோடு நிற்காமல் அந்த அரசு தொழிலாளர்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகையும் கொடுத்தது. லட்சக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் முதல்முதலாகக் கடலைக் கண்டது அந்தக் கோடையில்தான். அதே 1936-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கென ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம், ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள உரிமை என்று 24-ஆம் பிரிவில் எழுதிவைத்தது.

நம் ஊரில் அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை இருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் நிற்கும் ஷூவைத் தைத்தவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கான விதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் உங்கள் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். நிர்வாகமும் அரசும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அந்த வாரியம் மாமல்லபுரத்திலும் குற்றாலத்திலும் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகையில் ஓய்வு இல்லங்கள் நடத்துகிறது. இந்தச் செய்தி நம் ஷெட்டுகளில் எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது? சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைத் தேடிப் பாருங்கள். அறை கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

செய்ய வேண்டியவை மூன்று. ராமேஸ்வரத்திலும் வாரியம் ஓர் ஓய்வு இல்லம் திறக்க வேண்டும். நாடெங்கும் இருந்து மக்கள் வரும் தீவில் தமிழகத் தொழிலாளிக்கென்று நாற்பது அறை இருப்பது பெரிய கோரிக்கை அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நிறுவனங்கள், ஆர்டர் குறைவாக இருக்கும் ஒரு வாரத்தைப் பார்த்து, தொழிலாளர்கள் விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொள்ள ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதி அறிவிக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையில் சதவீதத்தோடு இந்தத் தேதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த மூன்றும் நடக்கிறவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரச் சம்பளத்தில் 250 ரூபாய் எடுத்து வையுங்கள். பக்கத்து மெஷின்காரியிடமும் சொல்லுங்கள். அமாவாசை இல்லாத ஒரு வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்து, 60 நாள் முன்பு டிக்கெட் எடுத்துவிடுங்கள். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.